லார்பென்ட் தொகுப்பு: காமிக் ஓபராவின் வரிகள் இருக்கின்றன, இசை எங்கே?

இழையைத் தொடங்கியவரின் கேள்வி, ஜனவரி 9

கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில காமிக் ஓபராக்களின் (வசனமும் பாட்டும் கலந்த நாடகங்கள்) கையெழுத்துப் பிரதிகள் ஏராளமாக இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் அவற்றை எடுத்து இன்று அப்படியே மேடையேற்றிவிடலாமே? யாருக்கும் ஆர்வம் இல்லை, அதனால்தான் கிடப்பில் கிடக்கின்றன என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

மறுக்கிறேன். ஆர்வம் இருக்கிறது, இசைதான் இல்லை. அந்தப் பிரதிகளில் வசனமும் பாட்டு வரிகளும்தான் உண்டு.

நீங்கள் சொல்வது லார்பென்ட் தொகுப்பு. ஜான் லார்பென்ட் 1778 முதல் 1824-இல் சாகும்வரை லண்டனில் நாடகப் பரிசோதகராக, அதாவது மேடையேறும் முன் நாடகங்களைப் படித்துப் பார்க்கும் அரசு அதிகாரியாக, இருந்தவர். 1737-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, புது நாடகமானாலும் பழைய நாடகத்தில் புதிதாகச் சேர்த்த காட்சியானாலும் மேடையேறுவதற்கு 14 நாள் முன்பு ஒரு பிரதி லார்ட் சேம்பர்லைன் என்ற அரண்மனை உயர் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். அப்படிப் போய்ச் சேர்ந்தவைதான் இவை. 1737-இல் தொடங்கி லார்பென்ட் இறந்த ஆண்டு வரை சுமார் 2,500. சோக நாடகம், கேலி நாடகம், முன்னுரைக் கவிதை எல்லாம் கலந்த குவியல். அதில் காமிக் ஓபராவுக்கு நல்ல பங்கு.

அரண்மனை அதிகாரிக்கு மெட்டு எதற்கு? வம்பு வார்த்தையில்தான் வரும் என்பது அவர்கள் கணக்கு. எனவே வார்த்தை மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஜனவரி 10

ஒரு பிரதி எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஸ்கேன்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் பக்கத்திலோ தனித் தாளிலோ தியேட்டர் மேலாளரின் விண்ணப்பம். கோவென்ட் கார்டன் என்றால் பெரும்பாலும் தாமஸ் ஹாரிஸின் கையெழுத்து. லார்ட் சேம்பர்லைன் அனுமதித்தால் இதை எங்கள் தியேட்டரில் நடத்த எண்ணியிருக்கிறோம் என்ற வாசகம், தேதி, அவ்வளவுதான். அப்புறம் நாடகம். எழுதியது பெரும்பாலும் ஆசிரியர் இல்லை, தியேட்டரின் படியெடுப்பாளர். அவசர வேலை என்றால் நடுவில் கையெழுத்தே மாறும். முதல் அங்கம் ஒருவர், இரண்டாம் அங்கம் இன்னொருவர். வசனம் பக்கம் முழுக்க ஓடும்; பாட்டு வரும் இடத்தில் 'ஏர்' என்ற தலைப்பு, கீழே வரிகள் உள்தள்ளி. சில இடங்களில் பரிசோதகரின் பேனா நுழைந்திருக்கும். ஓரத்தில் ஒரு குறி, ஒரு வரியின் மேல் கோடு, சில நேரம் பத்தி முழுக்கக் குறுக்கே அடித்த அடி. அடித்த வரியை இன்றும் படிக்க முடிகிறது என்பதுதான் எனக்கு இந்தத் தொகுப்பில் பெரிய விஷயம். அச்சில் வந்த புத்தகத்தில் அந்த வரி இருந்த தடயமே இருக்காது.

ஜனவரி 10, பிற்பகல்

இது இத்தாலிய ஓபரா மாதிரி முழுக்கப் பாடுவதா என்று ஒருவர் கேட்டார். இல்லை. வசனத்தைப் பேசுவார்கள், நடுநடுவே பாட்டு வரும். நம் ஊர்ப் பழைய பாட்டுப் படம் மாதிரி. 1728-இல் ஜான் கேயின் 'பெக்கர்ஸ் ஓபரா' ஊரறிந்த மெட்டுகளில் புது வரிகளைப் போட்டு முதல் பருவத்திலேயே 62 இரவு ஓடியது. அதன் தொடர்ச்சியான 'பாலி'யை அப்போதே தடுத்தார்கள். அச்சில் வந்தது, மேடைக்கு 1777-இல்தான் வந்தது. 1762-இல் பிக்கர்ஸ்டாஃபின் 'லவ் இன் எ வில்லேஜ்' வந்தபோது பல இசையமைப்பாளர்களின் பாட்டுகளைத் தேர்ந்து கோத்து, கூடப் புதுப் பாட்டும் சேர்க்கும் முறை ஊன்றிவிட்டது. அங்கிருந்துதான் காமிக் ஓபரா என்ற பெயர் விளம்பரத் தாள்களில் நிலைக்கிறது.

ஜனவரி 13

இசை எங்கே போனது என்ற கேள்விக்கு வருகிறேன்.

1808 செப்டம்பர் 20 அதிகாலை கோவென்ட் கார்டன் எரிந்தது. ஐந்து மாதம் கழித்து, 1809 பிப்ரவரி 24 இரவு, டிரூரி லேன் எரிந்தது. லண்டனின் இரண்டு பெரிய தியேட்டர்கள். முழு வாத்தியப் பிரதிகளும் வாத்தியக்காரர்களின் தனித்தனி ஏடுகளும் அந்தக் கட்டடங்களில்தான் இருந்தன. அவை தியேட்டரின் சொத்து, போட்டித் தியேட்டருக்குப் போய்விடக் கூடாது என்று பூட்டி வைத்தவை. பூட்டி வைத்ததால் வேறு பிரதி இல்லை. இசையமைப்பாளர் அர்னின் 'அர்டாக்ஸெர்க்ஸெஸ்' காமிக் ஓபரா இல்லை என்றாலும் உதாரணத்துக்குச் சொல்கிறேன். அது எவ்வளவு புகழ்பெற்றது! அதன் மூல ரெசிடடிவ்களும் (பேச்சுப் போலப் பாடும் பகுதிகள்) கடைசிக் கோரஸும் 1808 தீயோடு போயின.

அச்சில் வந்தது என்ன? வீட்டில் ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) வைத்துப் பாடுகிறவர்களுக்கான பதிப்பு. குரல் வரி ஒன்று, கீழே பேஸ் வரி ஒன்று, சில இடங்களில் வயலின் வரி ஒன்று. "ஓபோ", "ஹார்ன்" என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தால் அதிர்ஷ்டம்.

நான் ஒரு சின்ன அமெச்சூர் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். நாடகாசிரியர் ஷெரிடனின் காமிக் ஓபரா 'தி டுயென்னா'விலிருந்து சில பாட்டுகள் பாடலாம் என்று முடிவு செய்தோம். அந்த அச்சுப் பதிப்பைத் திறந்தால் ஒரு பாட்டின் முகப்பிசை முழுவதும் இரண்டே வரியில். வயலா என்ன வாசித்தது? ஹார்ன் எந்த இடத்தில் நுழைந்தது? எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். எழுதினோம். வயலின் வாசிக்கும் அக்கா ஒருவர் இரவில் உட்கார்ந்து இடைவரிகளை நிரப்பினார். நன்றாகவே வந்தது. ஆனால் அது அவர் இசை, 1775-இன் இசை இல்லை. இந்த வருத்தத்தோடுதான் நான் லார்பென்ட் பக்கமே வந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வார்த்தைகள் பிழைத்ததற்குக் காரணம் தணிக்கை. சட்டம் ஒரு பிரதியைத் தியேட்டருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னது, அதனால் அது தீக்குத் தப்பியது. இசையை யாரும் சோதிக்கவில்லை, அதனால் அதற்கு வெளியே ஒரு பிரதி போகவில்லை. எனக்கு இது ஜீரணிக்கக் கஷ்டமான விஷயம். தணிக்கையை ஆதரித்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் நடந்தது இதுதான்.

ஜனவரி 13, நள்ளிரவு

மேலே உள்ளதை மறுபடி படித்தேன். எல்லாமே போய்விட்டது என்ற தொனி விழுகிறது. அது வேண்டாம்.

அர்னின் 'தாமஸ் அண்டு சாலி' (1760) முழு வாத்தியப் பிரதியாகவே அச்சானது. ஆங்கில ஓபராவில் கிளாரினெட் கேட்கிற மிகப் பழைய இடம் அதுதான். ஸ்டீபன் ஸ்டோரஸின் 'நோ சாங், நோ சப்பர்' (1790) கையெழுத்தில் முழு வாத்தியப் பிரதியாகப் பிழைத்தது. அதிலிருந்து ரோஜர் ஃபிஸ்க் 1959-இல் நல்ல பதிப்பு கொண்டுவந்தார். ஸ்டோரஸ் யாரென்றால், மொசார்ட்டின் 'ஃபிகாரோ'வில் முதல் சூசன்னாவாகப் பாடிய நான்சியின் அண்ணன். வியன்னாவில் மொசார்ட்டோடு பழகியவர். ஸ்டோரஸின் ஆங்கில ஓபராக்களில் இப்படி முழுதாகக் கிடைப்பது இது ஒன்றுதான், மற்றவற்றுக்கு வீட்டுப் பதிப்புதான் கதி. இசையமைப்பாளர் ஷீல்டின் 'ரொசீனா'வையும் முழு இசையோடு இன்று பதிப்பில் வாங்கலாம், ஒலிப்பதிவும் உண்டு. இன்னொரு இசையமைப்பாளர் டிப்டின் தன் கையாலேயே எழுதிய இசைத்தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

ஜனவரி 17

'டுயென்னா' பற்றித் தனியாக.

1775 நவம்பர் 21, கோவென்ட் கார்டன். முதல் பருவத்திலேயே 75 இரவு, பெக்கர்ஸ் ஓபராவின் 62-ஐத் தாண்டியது. இசை ஷெரிடனின் மாமனார் தாமஸ் லின்லியும் மைத்துனர் இளைய லின்லியும். மாமனார் பாத் நகரத்தில், மருமகன் லண்டனில். இந்த இடத்தில் இப்படி ஒரு பாட்டு வேண்டும் என்று கடிதம் போகும், மெட்டு தபாலில் வரும். டான் கார்லோஸ் பாத்திரத்தில் பாடியவர் மைக்கேல் லியோனி, லண்டன் பெரிய சினகாகில் (யூத வழிபாட்டு இடம்) வழிபாட்டுப் பாடகர். வெள்ளி மாலையே யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதனால் வெள்ளி இரவுகளில் டுயென்னா கிடையாது.

பாட்டு வரிகள் மட்டும் சின்னப் புத்தகமாக உடனே விற்பனைக்கு வந்தன. முழு வசனத்தை ஷெரிடன் வெளியே விடவில்லை. வெளியூர்த் தியேட்டர்கள் தவித்தன. யார்க் பக்கம் தியேட்டர் நடத்திய டேட் வில்கின்சன், பிரதி கேட்டுக் கிடைக்காமல், பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பார்த்த ஞாபகத்தில் வசனத்தைத் தானே எழுதி நடத்தினார். டப்ளினில் பாத்திரப் பெயர்களை மாற்றி 'தி கவர்னஸ்' என்று நடத்தினார்கள். பிறகு அச்சில் வந்தவற்றிலும் திருட்டுப் பதிப்புகளின் கறை.

இந்தக் குழப்பத்தில் லார்பென்ட் பிரதி ஒரு நிலையான புள்ளி. முதல் இரவுக்கு முன்பே தியேட்டர் தன் கையால் அனுப்பியது. ஆனால் ஒத்திகைக்கு நடுவில் அனுப்பியது என்பதை மறக்க வேண்டாம். மேடையில் கடைசியில் பேசியது இதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. "மூலப்பிரதி" என்று இழையில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். "விண்ணப்பப் பிரதி" என்பதே பொருத்தம். நடிகர்கள் அதற்குப் பிறகும் மாற்றுவார்கள்.

ஜனவரி 18

தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது. நீளமாக எழுதப் போகிறேன்.

ரிச்சர்ட் கம்பர்லண்ட். கலகக்காரர் இல்லை. வணிக வாரியத்தில் செயலாளராக இருந்தவர், அரசாங்கம் அவரை 1780-இல் ஸ்பெயினுக்குத் தூது அனுப்பியது. அவர் 1792 இறுதியில் கோவென்ட் கார்டனுக்காக ஒரு காமிக் ஓபரா எழுதினார். பெயர் 'இரண்டாம் ரிச்சர்ட்'. கதை 1381 குடியானவர் கிளர்ச்சி. தலைவரி, வரி வசூலிக்க வந்தவனின் அத்துமீறல், கொதித்தெழும் கொல்லன் வாட் டைலர். ஆங்கிலக் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதை.

காலத்தைப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதம் ராஜதுரோக எழுத்துக்கு எதிராக அரச பிரகடனம். செப்டம்பரில் பாரிசில் சிறைப் படுகொலைகள். டிசம்பரில் லண்டனில், முடியாட்சியை எதிர்த்து எழுதிய டாமஸ் பெய்ன் மீது, அவர் ஊரில் இல்லாமலே, வழக்கு. பாரிசில் லூயி மன்னன் கூண்டில். அந்த நேரத்தில் மன்னனுக்கு எதிராகக் கொல்லன் சுத்தியலோடு கிளம்புகிற கதை, அதுவும் பாட்டோடு. பாட்டு என்றால் கூட்டம் கூடப் பாடும். அனுமதி மறுக்கப்பட்டது.

கம்பர்லண்ட் விடவில்லை. வரியை எடுத்தார், கிளர்ச்சியை எடுத்தார். கொல்லனையும் காதலையும் வைத்துக்கொண்டு 'தி ஆர்மரர்' என்று மாற்றிக் கொடுத்தார். 1793 ஏப்ரலில் மேடையேறியது. அதற்குள் லூயியின் தலை போயிருந்தது, பிரிட்டன் போரில் இருந்தது. ஓபரா சில இரவுகளோடு முடிந்தது.

இரண்டு பிரதிகளும் தொகுப்பில் இருக்கின்றன. இரண்டையும் இரண்டு ஜன்னலில் திறந்து வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். தணிக்கை என்றாலே நமக்கு வெட்டு என்றுதான் தோன்றும். இங்கே வெட்டு இல்லை. ஆசிரியரே கதையின் முதுகெலும்பை உருவிவிட்டு, சதையை மட்டும் நிறுத்தப் பார்க்கிறார். பட்டறையும் கொல்லனும் இருக்கிறார்கள், அவன் கோபப்படக் காரணம்தான் இல்லை. ஏன் ஓடவில்லை என்பது படிக்கும்போதே விளங்கும்.

ஜனவரி 18, மாலை

"லார்பென்ட் ஒரு ரசனை கெட்ட குமாஸ்தா" என்று ஒரு பின்னூட்டம். முழுக்க ஏற்க முடியவில்லை. வேலை செய்தது அவர் மட்டும் இல்லை. மனைவி அன்னா மார்கரெட்டா லார்பென்ட் பிரதிகளைப் படித்தார், கருத்துச் சொன்னார். கான்ஸ்டான்டினோபிளில் தூதராக இருந்த சர் ஜேம்ஸ் போர்ட்டரின் மகள். பிரெஞ்சும் இத்தாலியமும் தெரிந்தவர் என்பதால் இத்தாலிய ஓபரா வரிகளைப் பார்ப்பது அவர் பொறுப்பு மாதிரியே ஆனது. 1773 முதல் 1830 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு 17 தொகுதிகள், அதுவும் ஹன்டிங்டனில்தான். என்ன படித்தார், எந்த நாடகத்துக்குப் போனார், பிடித்ததா இல்லையா எல்லாம் உண்டு. சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. என்னைக் கேட்டால் பிரதிகளைவிட முதலில் படிக்க வேண்டியது இந்த நாட்குறிப்புதான்.

ஜனவரி 22

லார்பென்ட்டுக்குப் பிறகு யார் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இளைய ஜார்ஜ் கோல்மன். 1787 ஆகஸ்ட் 4 ஹேமார்க்கெட்டில் 'இங்கிள் அண்டு யாரிகோ' எழுதி நடத்தியவர். இசை சாமுவேல் அர்னால்டு. தன்னைக் காப்பாற்றிய பூர்வகுடிப் பெண்ணை பார்படோஸ் அடிமைச் சந்தையில் விற்கப் பார்க்கும் ஆங்கில வியாபாரியின் கதை. அதே ஆண்டு மே மாதம்தான் லண்டனில் அடிமை வணிக ஒழிப்புக் குழு உருவானது. காலத்தின் நரம்பைத் தொட்ட ஓபரா.

அந்தக் கோல்மன் 1824-இல் பரிசோதகர் நாற்காலியில் உட்கார்ந்ததும் லார்பென்ட்டைவிடக் கடுமையானார். காதலியை "தேவதூதே" என்று அழைக்கும் வரியைக்கூட அனுமதிக்கவில்லை. தேவதூதர் வேதத்தில் வருபவர் என்று 1832-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் விளக்கமும் கொடுத்தார். இளமையில் தான் எழுதியதே அந்த மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

1824-க்குப் பிந்தைய பிரதிகளுக்கு ஹன்டிங்டனில் தேட வேண்டாம், பிரிட்டிஷ் நூலகத்தில் தேடுங்கள்.

ஜனவரி 25

"இதில் நமக்கு என்ன?" என்று கேட்டவருக்கு.

1798 நவம்பர் 12, கோவென்ட் கார்டன், 'ராமா துருக்'. எழுதியவர் ஜேம்ஸ் காப், இசை மட்ஸிங்கியும் ரீவும். காப் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், பின்னாளில் கம்பெனிச் செயலாளரே ஆனார். பகலில் கம்பெனிக் கடிதம், மிச்ச நேரத்தில் காமிக் ஓபரா. கதை தென்னிந்திய மலைக்கோட்டை ஒன்றில், ராஜாவிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர்கள். 1792 உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாராமகால், சேலம், திண்டுக்கல் எல்லாம் கம்பெனிக்கு வந்திருந்தன. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, சங்ககிரி துர்க்கம் என்று அங்கே மலைக்கு மலை கோட்டைகள். லண்டன்காரர்களுக்கு அந்தப் பெயர்கள் செய்தித்தாளில் பழகிப்போனவை.

1800-இல் அச்சான நூலில் ஓர் ஊர்வல மேடைக்குறிப்பு இருக்கிறது. புலிவேட்டை முடிந்து ராஜா யானை மேல் வருகிறார். முன்னால் ஹர்க்காராக்கள் (செய்தி கொண்டு ஓடுபவர்கள்), பல்லக்கு. மந்திரி இன்னொரு யானையில். இளவரசி எருமைகள் இழுக்கும் வண்டியில். திப்பு சுல்தானின் தூதர், நாயர் வீரர்கள், செத்த புலி, கூண்டில் புலிக்குட்டிகள், ஒட்டகத்தில் வாத்தியக்காரர்கள், நாட்டியப் பெண்கள். அந்த வரிசையில், வேட்டை நாய்களோடு, மலைநாட்டவர் என்ற விளக்கத்துடன், பாளையக்காரர்கள்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். 1798 செப்டம்பரில்தான் கட்டபொம்மன் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்து மோதல் நடந்தது. 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கு. இந்த ஓபரா அந்த இரண்டுக்கும் நடுவில் மேடையேறுகிறது. அதே பாளையக்காரர்கள் லண்டன் மேடையில் நாய் பிடித்துக்கொண்டு போகும் வேடிக்கை மனிதர்கள். காப்புக்கு அவர்கள் யார் என்று நன்றாகத் தெரிந்திருக்கும். கம்பெனிக் கடிதங்களில் அந்தப் பெயர் ஓயாமல் வரும். தெரிந்தே இப்படி எழுதினார் என்பதுதான் என் வழக்கு. பரிசோதகருக்கு இதில் தடுக்க ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் கொல்லன் மேடையேறக் கூடாது, தெற்கத்திச் சீமையின் பாளையக்காரர் நாயோடு மேடையேறலாம்.

ஜனவரி 26

பிரதிகள் கலிபோர்னியாவுக்குப் போன கதை, சுருக்கமாக. லார்பென்ட் இறந்தபோது இவை குடும்பத்திடமே தங்கின. அவர்களிடமிருந்து ஜான் பெய்ன் கோலியரும் தாமஸ் அமியோட்டும் வாங்கினார்கள், பிறகு எல்ஸ்மியர் பிரபுவின் பிரிட்ஜ்வாட்டர் ஹவுஸ் நூலகத்துக்குப் போயின. 1917-இல் ஹென்றி ஹன்டிங்டன் அந்த நூலகத்தையே வாங்கினார். டூகல்ட் மக்மில்லன் 1939-இல் பட்டியல் போட்டார்.

கோலியர் பெயரைக் கேட்டதும் ஷேக்ஸ்பியர் ஆர்வலர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பழைய ஆவணங்களில் தானே எழுதிச் சேர்த்து மாட்டிக்கொண்ட அறிஞர் அவர். லார்பென்ட் பிரதிகளில் ஓரக்குறிப்பு எதைப் பார்த்தாலும் பரிசோதகருடையதா, மேலாளருடையதா, கோலியருடையதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 2

எங்கே படிப்பது என்று கேட்டவர்களுக்கு: ஸ்கேன்கள் சந்தாத் தளத்தில் இருக்கின்றன, தனியாளுக்குக் கட்டுப்படியாகாது. பல்கலைக்கழக நூலகம் எதிலாவது சந்தா இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பழைய நூலகங்களில் மைக்ரோ அச்சாகவும் இருக்கும், கண்ணுக்குக் கஷ்டம், ஆனால் வேலை நடக்கும். பட்டியலில் எண்ணுக்கு முன்னால் எல், ஏ என்ற இரண்டு எழுத்து வரும், அதை வைத்துத் தேடினால் சுலபம்.

தமிழ்நாட்டில் 1954 நாடகச் சட்டப்படி அதிகாரிகளிடம் கொடுத்த பிரதிகளுக்கும் இப்படி ஒரு தொகுப்பு வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டாயம் வேண்டும். அந்தச் சட்டம் செல்லாது என்று 2013-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தோடு தாள்களும் குப்பைக்குப் போக விடக் கூடாது. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

இழையைத் தொடங்கியவருக்கு: மேடையேற்ற ஆசை என்றால் 'நோ சாங், நோ சப்பர்' எடுங்கள். முழு இசை பதிப்பில் இருக்கிறது, இரண்டே அங்கம். வசனத்தை லார்பென்ட் பிரதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் அடுத்து அதைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கிளாரினெட் வாசிக்க ஆள் தேடுகிறோம்.